தாராநீரும் ஓட்டுநர் இருக்கையும்

மஸ்கட்டில் நான் காய்கறி வாங்கும் கடைவளாகத்தின் முன்னே, நண்பகல் வெயிலில் ஆளில்லாத கார் ஒன்று இயங்கிக்கொண்டே நிற்பது எவருக்கும் வியப்பளிப்பதில்லை. கதவுகள் பூட்டியிருக்கும். இன்ஜின் மெல்ல முனகும். ஏசியிலிருந்து வடிந்த நீர் வண்டிக்கு அடியில் சிறு குட்டையாகத் தேங்கியிருக்கும். உரிமையாளர் கடைக்குள் அரைமணி நேரம் சுற்றிவிட்டு வரும்போது இருக்கை சுடக்கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்நகரில் வாழ்ந்தும் எனக்கு இது பழகவில்லை. சென்ற வாரம் அப்படிப்பட்ட ஒரு வண்டிக்குள் குழந்தை ஏதேனும் விடப்பட்டிருக்கிறதோ என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளை நீளங்கி அணிந்த அதன் உரிமையாளர் பைகளோடு வந்தார். "உள்ளே ஒருவரும் இல்லையே" என்று எனக்குத் தெரிந்த அரபியில் சொன்னேன். ஏறிக்கொள்ள இடம் கேட்கிறேன் என்று அவர் எடுத்துக்கொண்டார். முகம் மலர்ந்து முன்கதவைத் திறந்து, "தஃபத்தல், தஃபத்தல்", வாருங்கள் வாருங்கள் என்று உபசரித்துத் தண்ணீர் பாட்டிலையும் நீட்டினார். என் வண்டி அதோ நிற்கிறது என்று சுட்டிக்காட்டியும் விடவில்லை. அது கொதிக்கும், இதில் ஏறு, வீட்டில் விடுகிறேன் என்றார். நல்ல மனிதர். ஆனால் அந்தத் திறந்த கதவின் வழியே என் முகத்தில் குளிர் வந்து மோதியபோது எனக்குச் சினம் மூண்டது. அவர்மீதல்ல. வெற்று இருக்கைக்கு இத்தனை குளிர் கிடைக்கும் இதே உலகில், திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே சவரிமுத்து என்பவர் அமர்ந்து வேன் ஓட்டும் இருக்கை என் கண்முன் வந்தது. அந்த இருக்கையை அடுப்பாக்கியவன் நான்.

இங்கே ஒரு பேருந்து நிறுவனத்தின் பணிமனையில் குளிர்சாதனப் பிரிவை மேற்பார்த்து ஓய்வுபெற்றவன் நான். சொந்த ஊர் ஓமந்தூர்ப் பக்கம். நீறணிந்து ஒரு பதிகம் ஓதாமல் ஒருநாளும் பணிமனைக்குள் கால் வைத்ததில்லை. வெயிலையும் எரிபொருளையும் பற்றி எனக்குத் தெரிந்தவை புத்தகத்தில் படித்தவை அல்ல. கை சுட்டுக் கற்றவை. வெயிலில் கிடந்த வண்டியில் ஏறியவுடன் ஏசியை முழு வேகத்தில் முடுக்குபவனைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முதலில் ஒரு பக்கத்துக் கண்ணாடியை இறக்கிவிட்டு, எதிர்ப்பக்கத்துக் கதவை விசிறிபோல நாலைந்து முறை திறந்து மூடவேண்டும். அடைபட்ட அனல் பாதி அப்போதே வெளியேறிவிடும். ஊருக்குள் மெல்லச் செல்லும்வரை சன்னல்கள் திறந்திருக்கட்டும். நெடுஞ்சாலையில் வேகம் பிடித்த பிறகு அவற்றை ஏற்றிவிட்டு ஏசியைப் போடவேண்டும்; வேகத்தில் திறந்த சன்னல் காற்றை வாரி வண்டியைப் பின்னுக்கு இழுக்கும், எரிபொருளைத் தின்னும். பிறகு, குளிர்ந்த உட்காற்றையே திரும்பச் சுழற்றும் பொத்தானை அழுத்தவேண்டும். இறங்குவதற்குச் சற்று முன்பே ஏசியை நிறுத்தி விசிறியை மட்டும் ஓடவிட்டால், குழாயில் எஞ்சிய குளிரே வீடுவரை போதும்.

என் தம்பி ஏகாம்பரம் திண்டிவனத்தில் சுற்றுலா வேன் வாங்கிவிட்ட புதிதில், "ஏசி போட்டா டீசல் குடிச்சிக்கினே இருக்குதுணா, கட்டுப்படி ஆவல" என்று தொலைபேசியில் புலம்பினான். பணிமனைத் தாள் ஒன்றின் பின்புறத்தில் ஒன்பது விதிகளை எழுதி அனுப்பினேன். ஏழாவது விதி: குளிர்விக்கும் இடத்தைக் குறை, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னே கண்ணாடித் தடுப்பு வை, குளிர் பயணிகளோடு நிற்கும். ஒன்பதாவது விதி: வண்டி நிற்கையில் இன்ஜின் ஓடலாகாது. இங்கே எங்கள் பேருந்துகளிலும் தடுப்பு உண்டு. ஆனால் ஓட்டுநருக்கென்று தனியே ஒரு குளிர்க்குழாய் முன்னே செல்லும். அதை எழுத மறந்தேன். இல்லை, மறந்தேன் என்பது பொய். கூடுதல் வேலை என்றால் தம்பி தயங்குவான், மற்ற எட்டு விதிகளையும் சேர்த்துத் தள்ளிவிடுவான் என்று நானே விட்டுவிட்டேன். இதைப் படிக்கும் உங்களில் பலர் என்னைப்போல வெளிநாட்டில் கற்ற ஒன்றை ஊருக்கு எழுதி அனுப்பிப் பெருமைப்பட்டவர்கள். எந்த வரியை எழுதாமல் விட்டீர்கள் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

எங்கள் குடும்பத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. கெடாருக்கு அப்பால், எங்கள் முன்னோர் வழிபட்ட சிறு சிவாலயம் ஒன்றில், கத்திரி வெயில் நாட்களில் சிவலிங்கத்துக்கு மேலே தாராபாத்திரம் கட்டுவது எங்கள் பொறுப்பு. அடியில் ஊசித்துளையிட்ட செம்புப் பாத்திரம் அது. வெட்டிவேர் ஊறிய நீர் அதிலிருந்து சொட்டுச்சொட்டாக இறைவன் திருமுடியில் விழுந்துகொண்டே இருக்கும். அப்படி விழுந்து வடியும் நீரைக் குடத்தில் பிடித்துவந்து, வீட்டு வாசலிலும் நிலத்திலும் தெளிப்போம். எத்தனையோ ஆண்டுகளாக இதை மஸ்கட்டிலிருந்தே செய்வித்தவன், சென்ற கத்திரியில் நேரில் நின்று செய்ய ஊருக்குப் போயிருந்தேன்.

திண்டிவனத்தில் காலை பத்து மணிக்கு வேன் வந்து நின்றது. வெயிலுக்கு முன்பே கிளம்பு என்பது என் முதல் விதி. புடவை கட்டிப் பூத்தொடுத்து முடிப்பதற்குள் அது தோற்றுவிட்டது. சவரிமுத்துவை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன். வல்லம் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். ஐம்பதைக் கடந்த வயது. கண்ணாடியின்மேல் செபமாலை தொங்கியது. கழுத்தில் ஈரத்துண்டு. இருக்கைக்குப் பக்கத்தில், மோர் விட்டுக் கரைத்த கேப்பைக் கூழ் ஒரு பெரிய பாட்டில் நிறைய.

"வாங்க ஐயா. மஸ்கட்லயும் இப்படித்தான் காயுமா?" என்று கேட்டார்.

"இதுக்கு மேலயே காயும்."

"அப்ப நீங்க நம்ம ஆளுதாங்க" என்று சிரித்துக் கூழ் பாட்டிலைத் தட்டிக்காட்டினார். "இதாங்க என் ஏசி. டீசல் ஊத்த வேணாம், கேஸ் புடிக்க வேணாம்."

ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னே கூரைவரை எழும்பிய கண்ணாடித் தடுப்பைக் கண்டேன். அதற்கு முன்னே, பிள்ளையார் படத்துக்கும் செபமாலைக்கும் நடுவில், என் கையெழுத்திலான ஒன்பது விதிகள் பளபளப்பான உறையிட்டு ஒட்டப்பட்டிருந்தன. "உங்க கையெழுத்துங்களா? முத்து முத்தா இருக்குது. தெனம் இத பாத்துக்கினுதான் ஓட்டறேன்" என்றார் சவரிமுத்து. நான் மகிழ்ந்தேன். மறைக்க ஒன்றுமில்லை, மெய்யாகவே மகிழ்ந்தேன்.

தடுப்புக்கு நேர் பின்னே, முதல் இருக்கையில் அமர்ந்தேன். பதினொரு பேர் உள்ளே. விக்கிரவாண்டிக்கு முன்னமே தம்பியின் மனைவி பூங்கோதை சால்வையைப் போர்த்திக்கொண்டு, "இன்னா மாமா, உங்க விதிய வெச்சி எங்கள பனிக்கட்டி ஆக்கிட்டீங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் பதிகம் ஓதத் தொடங்கினேன். திருவடியை நிழல் என்று போற்றும் வரிகள். என் கண்ணுக்கு நேரே, ஒரு சாண் தொலைவில், சவரிமுத்துவின் பிடரி இருந்தது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவருக்கு இடப்புறம் இன்ஜின் பெட்டி. வலப்புறம் திறந்த சன்னல் வழியே உலைக்காற்று. சாலையை அகலப்படுத்துமுன் இவ்வழி முழுதும் புளியமரங்கள் கூரைபோட்டிருந்தன. இப்போது நடுவில் அரளிச்செடி மட்டும். அது தனக்கே நிழல் தராது. சுங்கச்சாவடி வரிசையில் வண்டி ஊர்ந்தபோது அவர் பாட்டில் தண்ணீரைத் துண்டில் ஊற்றித் தலையில் வைத்துக்கொண்டார். குளிரைக் குறைக்கும்படி கண்ணாடியைத் தட்டி, உள்ளங்கையைக் கீழ்நோக்கி அசைத்தேன். அவர் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார்; விசிறியை இன்னும் ஒரு படி ஏற்றினார். வெந்துகொண்டிருக்கும் மனிதருக்கு, எதிரே ஒருவன் கையசைத்தால் குளிர் போதவில்லை என்றுதானே தோன்றும்? நான் சைகையைத் திருத்தவில்லை. பதிகத்தின் நடுவே நிறுத்தலாகாது என்று ஓதிக்கொண்டிருந்தேன்.

கோயிலை அடைந்தபோது உச்சிவேளை. எல்லோரும் இறங்கியதும் இன்ஜின் நின்றது. ஒன்பதாவது விதி. "நீங்க போய் வாங்க, நான் இங்கதான் இருப்பேன்" என்றார் சவரிமுத்து. கோயில் முன்னே புதிதாகச் சிமெண்ட் போட்ட வெட்டவெளி. ஒரு மரம் இல்லை. வேதக்காரர், கிறித்தவர் என்பதால் அவர் உள்ளே வரமாட்டார் என்று நாங்களே முடிவுகட்டியிருந்தோம். வருகிறீர்களா என்று ஒருவரும் கேட்கவில்லை. உள்ளே கல்மண்டபம் சில்லென்றிருந்தது. குருக்கள் தாராபாத்திரத்தை நிரப்பினார். முதல் சொட்டு திருமுடியில் விழுந்தபோது என் கண்கள் நிறைந்தன. ஒரு பதிகம் முடித்து இன்னொன்று, அதன்மேல் மூன்றாவது. "இன்னும் ஒண்ணு பாடுங்கோ, ஸ்வாமி குளிரட்டும்" என்றார் குருக்கள். பாடினேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் கடந்திருக்கும்.

வெளியே வந்தோம். இருக்கையில் ஆளில்லை. ஏகாம்பரம் கூப்பிட்டுப் பார்த்தான். பூங்கோதைதான் முதலில் கண்டாள். வேனுக்கு அடியில், பின்சக்கரங்களுக்கு நடுவே, அந்த இடத்திலிருந்த ஒரே நிழலில் அவர் படுத்திருந்தார். இழுத்து வெளியே கிடத்தினோம். உடல் தணலாகச் சுட்டது. ஒரு துளி வியர்வை இல்லை. "மணி அடிச்சிட்டாங்களா? பூசைக்குப் போவணும்" என்று எங்கோ பார்த்து உளறினார். வெயிலில் வேர்ப்பது நின்றுபோன உடல் உயிரைக் குடிக்கும் வெப்பத்தாக்கின் அறிகுறி என்பதை நான் மஸ்கட்டில் சாலைப் பணியாளர்களிடம் கண்டிருக்கிறேன்.

"கொஞ்சம் சோடா குடுத்தா எழுந்துக்குவான்ணா. அவனுக்கு இதெல்லாம் பழக்கம்" என்றான் தம்பி.

"நெனவு இல்லாதவன் வாயில எதையும் ஊத்தாத! தூக்கு. பின்னால, ஏசியில படுக்க வை."

அவன் தயங்கினான். "பின்னாடியா? சீட்டு கவர்லாம் புதுசுணா... முன்னாடியே ஒக்கார வெச்சிக்கினு போலாமே."

என்னோடு ஒரே வயிற்றில் பிறந்தவன் சொன்ன சொல் இது. இறைவனுக்கு முன்னே நெற்றி நிலத்தில் பட வணங்கிவிட்டு வந்து, விபூதி கலையாத முகத்தோடு சொன்ன சொல். நான் அவனை அடிக்கக் கையோங்கினேன். ஓங்கிய கையோடு நின்றேன். முன்னிருக்கையை இந்த நிலைக்குக் கொண்டுவந்த எழுத்து அவனுடையதல்லவே.

அருகில் தண்ணீர்க்குழாய் இல்லை. பூங்கோதையின் காலடியில் இரண்டு குடங்கள் இருந்தன, தாராநீரோடு அபிஷேக நீரும் நிரம்பியவை. ஒன்றைத் தூக்கினேன்.

"மாமா, அது தீர்த்தம்! அவரு வேதக்காரரு மாமா. அவரு வூட்டுக்காரங்க நாளைக்கு இன்னான்னு நெனப்பாங்க?"

"உயிரோட இருந்தா வந்து கேக்கட்டும்" என்று சொல்லி, தலையிலும் மார்பிலும் அக்குளிலும் ஊற்றினேன். வெட்டிவேர் மணத்தோடு நீர் சிமெண்ட் தரையில் ஓடி ஆவியாயிற்று. இரண்டாம் குடத்தைப் பூங்கோதையே எடுத்து ஊற்றினாள். பிறகு தன் சால்வையை நனைத்து அவர்மேல் விரித்து, பூசைத் தட்டால் விசிறத் தொடங்கினாள். அவள் கணவனைப் பார்த்து, "சீட்டு கவர நான் தொவைக்கிறேன், நீ தூக்குய்யா ஜல்தி" என்று கத்திய பிறகுதான் அவன் குனிந்தான்.

தம்பிக்கு வேன் ஓட்டத் தெரியாது. நான் ஓட்டினேன். மஸ்கட் வண்டிகளில் ஓட்டுநர் இடப்புறம் அமர்வார், கியர் வலக்கையில். அந்த வேனில் எல்லாம் மாறிக் கிடந்தது. கியரைத் தேடிய என் வலக்கை முதல் பத்து நிமிடமும் கதவிலேயே மோதிக்கொண்டிருந்தது. இன்ஜின் பெட்டி இடத்தொடையை வேகவைத்தது. சன்னலில் வந்தது காற்றல்ல. முகத்தில் சாத்திய இரும்புத்தட்டு. கண்ணில் வழிந்த வியர்வைக்கு ஊடே, எதிரில் என் கையெழுத்து ஆடியது. முத்துமுத்தாக. ஏழு: குளிர்விக்கும் இடத்தைக் குறை. கெடாரைக் கடந்து விழுப்புரம் மருத்துவமனை வாசல்வரை அந்த ஒன்பது வரிகளையும் நான் படித்தேன். பதிகம் ஒன்றும் வாயில் வரவில்லை. முப்புரம் எரிக்கச் சென்ற இறைவனுக்குத் தேவர்கள் தேராகியபோது நான்முகனே முன்னே அமர்ந்து ஓட்டினான் என்று காலமெல்லாம் ஓதியிருக்கிறேன். அந்த முன்னிருக்கை எப்படி இருக்கும் என்று ஒருநாளும் எண்ணியதில்லை. பின்னால் குளிரில், சவரிமுத்துவின் தலை பூங்கோதையின் மடியில் இருந்தது.

பிழைத்தார். எட்டு நாள் மருத்துவமனையில் கிடந்தார். சிறுநீரகம் நலிந்திருக்கிறது, இனி வெயிலில் வேகக்கூடாது என்றார் மருத்துவர். எட்டு நாளும் அதே இருக்கையில் அமர்ந்து, அவர் மனைவியை வல்லத்திலிருந்து அழைத்துச் சென்று திரும்பவும் விட்டேன். நான்காம் நாள் அவர் என்னோடு தெளிவாகப் பேசினார். "ஐயா, எங்க சாமியாரு வந்து பாத்தாரு. ஒனக்கு ரெண்டாவது ஞானஸ்நானமாமேன்னு கேட்டுட்டு சிரிக்கிறாரு." நான் சிரிக்க முயன்று தோற்றேன். "கோச்சிக்காதீங்க, ஒண்ணு கேக்கட்டுமா?" என்றார். "மொதலாளி வேற ஆள பாத்துக்கினு இருக்காராம். அந்த சீட்டு எனக்கு வேணுங்க. பசங்க படிக்கிறாங்க." தம்மைக் கொல்லப் பார்த்த இருக்கையையே அவர் வேண்டிக் கேட்டார்.

அன்று மாலையே திண்டிவனத்தில் வேனை நிறுத்தி, கண்ணாடித் தடுப்பின் திருகுகளை நானே ஒவ்வொன்றாகக் கழற்றினேன்.

"டீசலுக்கு இன்னாணா பண்றது? நீங்க சொல்லித்தானே வெச்சேன்!" என்று ஏகாம்பரம் கத்தினான்.

"நான் சொன்னது தப்பு. அந்தாளு வந்து இதுல ஒக்காரணும். வேற எவனையும் ஏத்தாத. டீசலுக்கு நான் பொறுப்பு."

மூன்று நாள் அந்த வேனோடு மல்லாடினேன். ஏசியின் முன்பகுதியில் புழுதி அடைத்திருந்த தகடுகளை நீர் பீய்ச்சிக் கழுவினேன். கூரைக்கு வெள்ளை பூசினேன். இன்ஜின் பெட்டிமேல் சூடு தடுக்கும் மெத்தையை இரண்டு மடிப்பாக ஒட்டினேன். சக்கரங்களுக்குக் காற்றைச் சரியாக அடித்தேன். பின்சன்னல்களுக்குக் கனத்த வெள்ளைத்திரை தைப்பித்தேன். பிறகு தம்பியை அருகில் உட்காரவைத்து, முன்னும் பின்னும் குளிர, விழுப்புரம் போய்த் திரும்பினேன். டீசல் முன்னைவிடக் கூடவில்லை. அவனே ஊற்றிப் பார்த்தான். ஓட்டுநரை வேகவைக்காமலேயே இவ்வளவும் செய்திருக்க முடியும். சவரிமுத்துவையே வைத்துக்கொள்வதாகத் தலையசைத்தான். நான் விமானம் ஏறினேன்.

முந்தாநாள் சவரிமுத்து தொலைபேசியில் அழைத்தார். வேலைக்குத் திரும்பிவிட்டாராம். "சவாரி நல்லா ஓடுதுங்க ஐயா. ஆனா கண்ணாடி திரும்ப வந்துடுச்சி" என்றார்.

"டீசல் கூடிச்சின்னு சொன்னானா?"

"அதெல்லாம் இல்லீங்க. வர்ற பார்ட்டிங்க கேக்கறாங்களாம். அவுங்க பேசறது டிரைவர் காதுல வுழக்கூடாதாம். கண்ணாடி இருந்தாதான் வண்டிய புடிக்கிறாங்க. நீங்க போட்ட மெத்த இருக்குது. கால் வேகல. அது போதும், பேஜாரு பண்ணாதீங்க. ஒண்ணு மட்டும் பண்ணிட்டேன். அந்தக் காயிதத்த கிழிச்சிப் போட்டுட்டேன். கோச்சிக்காதீங்க."

கோபம் அவர்மீது எப்படி வரும்? தம்பியை உடனே அழைத்தேன், எடுக்கவில்லை. பத்து முறை அழைத்தேன். எரிபொருள் என்ற சாக்கில் ஒன்றுமில்லை என்று நிரூபித்துவிட்டேன். அதற்குப் பின்னே வேறொன்று உட்கார்ந்திருந்ததை நான் காணவில்லை. குளிர் காக்க அல்ல, தங்களுக்கும் தங்களைச் சுமந்து செல்பவனுக்கும் இடையே ஏதேனும் ஒன்று வேண்டும் என்றே மக்கள் அதைக் கேட்கிறார்கள். அதற்குப் பணிமனை அறிவால் நான் செய்யக்கூடியது எதுவும் இல்லை. திருகைக் கழற்றலாம், அந்த எண்ணத்தை எங்கிருந்து கழற்றுவது? வரும் கத்திரியில் முன்னிருக்கைக்குத் தனிக் குளிர்க்குழாய் ஒன்றை இழுக்க, இங்கேயே எல்லா உதிரிகளையும் வாங்கி வைத்திருக்கிறேன். தாராபாத்திரம் கட்டும்முன் அதுதான் கட்டப்படும்.

நேற்று நண்பகல் அதே கடைவளாகத்திலிருந்து என் பழைய கியர் வண்டியில் திரும்பினேன். கதவை விசிறி அனலை வெளியேற்றி, நெடுஞ்சாலைக்கு ஏறியதும் கண்ணாடிகளை உயர்த்தினேன். வலக்கை அருகில் குளிர் வந்தது, பதிகம் தொடங்கினேன். வேகம் மாற்றவேண்டிய வளைவில், முப்பது ஆண்டுகளாக வலக்கை தானாகச் செய்துவந்த வேலைக்கு, என் இடக்கை எழுந்தது. விழுப்புரத்துச் சாலையில் அந்த வேனில் இடக்கைப் பக்கம் இருந்த கியரைத் தேடிச் சென்று, வெயிலில் காய்ந்த கண்ணாடியில் மோதியது. அதை நான் உடனே எடுக்கவில்லை. வலக்கையில் குளிரும், இடக்கையில் சுடும் கண்ணாடியுமாக, நிழல் என்ற சொல்லில் நின்றுபோன பதிகத்தோடு, இறங்கவேண்டிய வழியைத் தவறவிட்டு வெகுதூரம் போய்க்கொண்டிருந்தேன்.